நிறைமாத கர்ப்பிணியின் கல்லீரல்: ஒரு நோயின் வரலாறு

எட்டாம் மாதம் வரை எந்தத் தொந்தரவும் இல்லாத கர்ப்பிணி. திடீரென்று குமட்டல், வாந்தி, மேல் வயிற்றில் வலி. சில நாட்களில் கண்கள் மஞ்சளாகின்றன. பிறகு நினைவு தப்புகிறது, ரத்தம் உறைய மறுக்கிறது. ஒரு காலத்தில் இப்படி வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. இந்த நோயைத் தமிழில் 'கர்ப்பகால கடும் கொழுப்புக் கல்லீரல்' எனலாம். பல ஆயிரம் பிரசவங்களில் ஒன்றில்தான் வரும்.

இதைத் தனி நோய் என்று அடையாளம் காணவே வெகுகாலம் ஆனது. காரணம், குளோரோபார்ம்! 1847ல் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவ வலிக்கு அதைக் கொடுக்க ஆரம்பித்தார். ஆனால் குளோரோபார்ம் சிலருடைய கல்லீரலைக் கெடுத்து, சில நாட்கள் கழித்து உயிரையே பறித்தது. அதனால் பிரசவத்துக்குப் பின் மஞ்சள் காமாலையோடு ஒரு பெண் இறந்தால் குற்றவாளி மருந்தா, நோயா என்று சொல்வது கடினமாக இருந்தது.

1934ல் ஸ்டாண்டர், காடன் என்ற மருத்துவர்கள் கர்ப்பகாலக் கல்லீரல் அழிவு பற்றி எழுதினார்கள். தெளிவான விடை 1940ல் வந்தது. கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்த ஹெரால்ட் ஷீஹன், இறந்த தாய்மார்களின் கல்லீரலை நுண்ணோக்கியில் ஒப்பிட்டார். குளோரோபார்ம் பட்ட கல்லீரலில் செல்கள் செத்துக் கிடந்தன. இந்த நோயிலோ செல்கள் அவ்வளவாகச் சாகவில்லை. அவற்றுக்குள் பொடிப்பொடியாகக் கொழுப்பு நிறைந்திருந்தது. இரண்டும் வேறு வேறு!

நோய் பிடிபட்டது. கொழுப்பு ஏன் சேர்கிறது? 1990களில் விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது, வயிற்றில் இருந்த குழந்தையிடம்! நீண்ட கொழுப்பு அமிலங்களை எரிக்கும் ஒரு என்சைம் சில சிசுக்களுக்குப் பிறவியிலேயே இல்லை. எரியாத அமிலங்கள் தாயின் ரத்தத்தில் கலந்து அவள் கல்லீரலைத் தாக்குகின்றன என்று கருதப்படுகிறது. 1999ல் இப்தா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இக்குறைக்கான குறிப்பிட்ட மரபணு மாற்றம் கொண்ட சிசுவைச் சுமந்த தாய்மார்களில் 79 சதவீதம் பேருக்கு இந்த நோயோ, இதைப் போன்ற ஹெல்ப் என்ற நோயோ வந்திருந்தது. எல்லா நோயாளிகளுக்கும் காரணம் இதுவே அல்ல. இருந்தாலும் அதன் பிறகு, பிறந்த குழந்தைக்கும் பரிசோதனை தேவை என்பது புரிந்தது. குறை இருப்பது தெரிந்தால், பட்டினி போடாமல், தகுந்த உணவு கொடுத்து அந்தக் குழந்தையைக் காப்பாற்ற வழி உண்டு.

தாய்க்கு முக்கிய சிகிச்சை, தாமதிக்காமல் பிரசவத்தை முடிப்பதுதான். பிரிட்டனில் 2008ல் வெளியான ஆய்வில், நோய் கண்ட 57 பெண்களில் இறந்தவர் ஒரே ஒருவர்.

நோய் மாறவில்லை, அதை முன்கூட்டியே சந்தேகிக்கும் மருத்துவர்கள் பெருகினார்கள். கடைசி மாதங்களில் வாந்தி தொடர்ந்தால் 'பித்தம்' என்று வீட்டில் விட்டுவிடாமல், அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.