ஜாயா சேர்: வகுப்பறையிலிருந்து அமைச்சரவைக்கு



காத்தான்குடியிலிருந்து கல்முனை பஸ் ஏறி களுதாவளைக்குப் படிப்பிக்கப் போகும் எங்களிடம், "அங்க உங்களுக்கென்ன வேலை?" என்று எங்கட ஊரிலேயே கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாங்கள் ரி.பி. ஜாயாவைத்தான் சொல்வோம்.

1890இல் கலகெதரயில் பிறந்த மலாய் முஸ்லிம். கொழும்பில் பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரியில் படிப்பித்தவர். 1921இல் மருதானை ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 26 வருடம் அந்தக் கதிரையில் இருந்து அதை வளர்த்தெடுத்தார். இடையில் 1924இல் சட்டநிரூபண சபைக்கும் தெரிவானார்.

1945இல் சுதந்திரம் பற்றிய விடயம் அரசாங்க சபையில் விவாதத்துக்கு வந்தது. முஸ்லிம்களுக்கு முதலில் உத்தரவாதம் தாருங்கள் என்று ஜாயா பேரம் பேசவில்லை. நாட்டின் விடுதலையே முதலில் என்று ஆதரித்தார். மற்றச் சமூகத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த மனிதருக்குத்தான் அந்த நம்பிக்கை வரும் என்பது எங்கள் எண்ணம்.

1947இல் மத்திய கொழும்பில் வென்று, முதலாவது அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சரானார். பிறகு பாகிஸ்தானில் உயர்ஸ்தானிகர். 1960இல் மதீனாவில் வபாத்தானார்.

அவர் வைத்த நம்பிக்கையை நாடு காப்பாற்றியதா? அதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் களுதாவளைப் பிள்ளைகள் "சேர்" என்று கூப்பிடும்போது எங்கட இனத்தைப் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கமாட்டோம். நாளைக்கும் அதே பஸ்தான்.