வலியோடு வாழ்ந்த அறை: டோனாவூரில் ஏமி கார்மைக்கேல்

தமிழில் ‘வலி’ என்னும் சொல் இருபொருள் தருவது. திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலில் அது ஆற்றலைக் குறிக்கிறது. இன்றைய வழக்கில் நோவைக் குறிக்கிறது. இவ்விரண்டும் ஒரே சொல்லில் எவ்வாறு வந்து தங்கின என்பதைச் சொல்லாய்வாளர்க்கே விட்டுவிடுவோம். கிறித்தவத் தமிழ் துன்பத்தைச் சொல்ல வேறொரு சொல்லையும் கைக்கொண்டது. கிறித்துவின் சிலுவைத் துன்பத்தைப் ‘பாடுகள்’ என்றே திருச்சபைத் தமிழ் வழங்கும். கழனியில் உழைப்பவனையும் ‘பாடுபடுகிறான்’ என்கிறோம். துன்பம் வெறுமனே ஒருவர்மேல் வந்து விழுவது மட்டுமன்று, அவர் செய்யும் ஒரு தொழிலும் ஆகும் என்னும் குறிப்பு அச்சொல்லில் இருக்கிறது. இக்குறிப்பை மனத்திற்கொண்டு, திருநெல்வேலிச் சீமையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீங்காத வலியோடு வாழ்ந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை இங்கு நோக்குவோம்.

ஏமி கார்மைக்கேல் 1867 டிசம்பர் 16ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே நரம்புவலி அவரைப் பற்றியிருந்தது. சீனாவுக்குச் சமயப்பணி செய்யப் புறப்பட எண்ணியபோது, உடல்நிலையைக் காரணம் காட்டி அவரை ஏற்க மறுத்தனர். சப்பானில் சிலகாலம் பணிசெய்து, அங்கும் உடல்நலங்குன்றி, 1895இல் இந்தியா வந்தார். வந்தவர் தாய்நாட்டிற்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் இங்கேயே இருந்து இங்கேயே இறந்தார். உடல் வலுவற்றவர் என்று ஒதுக்கப்பட்டவரின் பணிக்காலம் இது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள டோனாவூரில் அவர் நிலைகொண்டார். அவ்வூரின் பெயரே சற்று விந்தையானது. பொருளுதவி செய்த டோனா என்னும் பிரஷ்யப் பிரபுவின் பெயரோடு நம் ‘ஊர்’ சேர்ந்து அமைந்தது அது. 1901இல் கோயிற்பணிக்கென ஒப்படைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதன்பின் அவ்விடம் குழந்தைகளின் இல்லமாக வளர்ந்தது. அம்முயற்சிக்கு அக்காலத்தில் எதிர்ப்பு மிகுதியாக இருந்தது. அயல்நாட்டுச் சமயப்பணியின் நோக்கங்களைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. அதை நடுநிலையோடு பேசத் தனிச் சொற்பொழிவு வேண்டும். இவ்வில்லத்து முறைப்பெயர்கள் மட்டும் மாணவர் கருதத்தக்கவை. இந்தியப் பணிப்பெண்கள் ‘அக்காள்’ எனவும், ஐரோப்பியப் பெண்கள் ‘சித்தி’ எனவும், ஆடவர் ‘அண்ணாச்சி’ எனவும் அழைக்கப்பட்டனர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட டோனாவூர் நூல்களிலும் இச்சொற்கள் அப்படியே இடம்பெற்றன. கார்மைக்கேலோ எல்லார்க்கும் ‘அம்மா’.

பிறர் வலியை அவர் தம் வலிக்கு முன்னரே அருகிருந்து கண்டவர். பொன்னம்மாள் என்னும் இளம் கைம்பெண், நெய்யூரில் டோனாவூர்க் கைக்குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றிருந்தவர். கார்மைக்கேலின் வலக்கை போன்றவர். அவர் புற்றுநோயால் நெடுநாள் துன்புற்று 1915இல் இறந்தார். 1918இல் அவருடைய வரலாற்றை கார்மைக்கேல் தனி நூலாகவே எழுதி வெளியிட்டார். டோனாவூரில் வலியைப் பற்றிய சிந்தனை ஒரு தமிழ்ப்பெண்ணின் படுக்கையருகே தொடங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது என்பது நம் கருத்து.

1931 செப்டம்பர் 24ஆம் நாள் மாலை, களக்காட்டில் மருத்துவப் பணிக்கென எடுத்திருந்த வீட்டைப் பார்வையிடச் சென்றவர், அங்கே தோண்டியிருந்த குழியொன்றில் விழுந்தார். காலெலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று எதிர்பார்த்தனர். அவ்வாறு நிகழவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக உடற்கேடுகள் தொடர்ந்தன. தம் அறையும் அதையொட்டிய தாழ்வாரமுமே பெரும்பாலும் அவருடைய உலகமாயின. 1948இல் அவ்வறைக்குள்ளேயே மீண்டும் விழுந்தார். அதன்பின் படுக்கையைவிட்டு எழுந்திலர்.

இன்று மருத்துவர் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்று வகுப்பர். இவ்வகுப்பின் கூர்மையை உணரத் தமிழகத்தோடு தொடர்புடைய மற்றொருவரை இங்குச் சுருங்க நினைக்கலாம். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளர் விரல்களை இழப்பதற்கு வலியுணர்வு அற்றுப்போவதே பெருங்காரணம் என்று கண்டார். சுடுவதை அறியாத கை அடுப்பிலிருந்து விலகுவதில்லை. ஆகவே அவர் வலியைக் கடவுளின் கொடையென்றே எழுதினார். உண்மைதான், ஆயினும் அது எச்சரிக்கும் வலிக்குப் பொருந்துவது. எலும்பு கூடிய பின்னும், எச்சரிக்க வேண்டிய செய்தி ஏதுமின்றி, இரவுதோறும் வந்து தட்டும் வலியைக் கொடையென்று எவ்வாறு அழைப்பது? கார்மைக்கேலின் அறையில் எழுந்த வினா இதுவே.

அவரிடம் பலர் ஆறுதல் நூல்களை அனுப்பினர். அவற்றுட் பல அவரைத் தொடவில்லை. காரணம் எளியது: அவை நலமுடையோர் நோயுற்றோர்க்கு எழுதியவை. ஆகவே அவர், தம்மைப்போல் நோயுற்றிருந்த நண்பர்க்குத் தாமே மடல்கள் எழுதலானார். அம்மடல்களின் தொகுப்பே 1933இல் வெளிவந்த ‘ரோஸ் ஃபிரம் பிரையர்’. முட்செடியில் மலர்ந்த ரோசா என்பது அப்பெயரின் பொருள். வலி நீங்கியபின் நினைவுகூர்ந்து எழுதியதன்று. வலிக்கு நடுவே எழுதியது. அதுவே அந்நூலின் தகுதி.

அந்நூல் வழியாகவும் பின்னர் எழுதிய பாடல்கள் வழியாகவும் தெரியவரும் அவருடைய நிலைப்பாட்டைச் சற்று நின்று நோக்க வேண்டும். முதலாவது, வலியை அவர் இனிதென்று கூறவில்லை. தூய பவுல் தம் உடலில் தைத்ததாகச் சொல்லும் முள் சாத்தானின் தூது என்றே திருமறையில் குறிக்கப்படுகிறது. பவுல் அதை நீக்கும்படி மும்முறை வேண்டினார், அது நீங்கவில்லை. அப்பகுதி கார்மைக்கேலுக்குத் துணையாயிற்று. முள் முள்ளேதான். இரண்டாவது, நலம்வேண்டி அவரும் தோழரும் செபித்தனர், நலம் கிட்டவில்லை, அதனால் தமக்கு நம்பிக்கை குறைவென்று அவர் முடிவுகட்டவில்லை. ‘விசுவாசம் இருந்தால் நோய் போய்விடும்’ என்னும் பேச்சைக் கேட்டுக் கேட்டு உடல்வலியோடு மனவலியும் சுமப்போர் இன்றும் உளர். வகுப்பறையில் நம்முன் அமர்ந்திருக்கும் மாணவரின் தாயோ தமக்கையோ அவர்களுள் ஒருவராயிருக்கலாம். அவர்களை எண்ணும்போது இது சிறிய செய்தியன்று. மூன்றாவது, அவர் ‘பணிந்துபோதல்’ வேறு, ‘ஏற்றல்’ வேறு என்று பிரித்தார். மறக்க முயல்வதிலும், வேலையில் ஆழ்வதிலும், ஒதுங்கியிருப்பதிலும், வேறுவழியின்றிப் பணிவதிலும் அமைதி இல்லை; ஏற்பதிலேயே உண்டு என்பது அவர் கண்ட முடிவு. நம் மொழியில் ‘சகித்துக்கொள்’ என்பதற்கும் ‘ஏற்றுக்கொள்’ என்பதற்கும் இடையேயுள்ள தொலைவு அது.

படுக்கையிலிருந்தே பத்துக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். இல்லத்தார்க்குச் சிறுசிறு குறிப்புகள் எழுதி அனுப்பியவண்ணம் இருந்தார். இங்கே ‘பாடுபடுதல்’ என்னும் சொல் இருபொருளிலும் நிறைவுறுகிறது.

எனினும் இவ்வரலாற்றைத் திருத்தொண்டர் கதையாக்கிவிடுவது எளிது. அதில் நமக்கு உடன்பாடில்லை. ஓர் எழுத்தாளரின் வலி நூலாகிறது. அவரைத் தூக்கிப் படுக்கவைத்து, இரவில் விழித்திருந்து, துணி வெளுத்து, உணவூட்டிய அக்காள்மாரின் முதுகுவலி எந்த நூலிலும் ஏறவில்லை. பொன்னம்மாளுக்கு ஒரு நூல் கிடைத்தது அரிதாக நேர்ந்த ஒன்று. வருங்கால ஆய்வு மாணவர் டோனாவூர் ஏடுகளைப் புரட்டும்போது, ‘அம்மா’வைத் தேடும் அளவிற்கேனும் அவ்வறையின் வாயிற்படியில் நின்றவர்களையும் தேட வேண்டும்.

1951 சனவரி 18ஆம் நாள், தம் 83ஆம் வயதில், கார்மைக்கேல் காலமானார். தம் கல்லறைமேல் கல் நாட்டவேண்டாமென்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீராட ஒரு கல்தொட்டியை வைத்து, அதில் தாய் என்னும் பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர்.