தாயகத்துக்கு வெளியே ஓர் அறிவுக் கழகம்: செக்கோஸ்லோவாக்கியக் கலை அறிவியல் கழகத்தின் வரலாறு எழுப்பும் வினாக்கள்

அறிவுக் கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசின் நிழலில் வளர்ந்தவற்றையே எடுத்துக்கொள்கின்றனர். லண்டனின் ராயல் சொசைட்டிக்கு முடியரசின் பட்டயம் இருந்தது. பாரிசின் அறிவியல் அகாதமிக்கு அரச கருவூலம் இருந்தது. அரச ஆதரவும் சொந்தக் கட்டடமும் இல்லாமல், தாயகத்தின் அரசே பகையாக நிற்கும் நிலையில் ஓர் அறிவுக் கழகம் எவ்வாறு நடக்கும்? யாருக்காக நடக்கும்? செக், ஸ்லோவாக் அறிஞர்கள் 1958இல் வாஷிங்டனில் அமைத்த செக்கோஸ்லோவாக்கியக் கலை அறிவியல் கழகத்தின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தேட உதவும்.

முதலில் பின்னணியைக் காண்போம். 1939 நவம்பர் 17 அன்று நாஜி ஆட்சி செக் பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் மூடியது. மாணவர் இயக்கத்தோடு தொடர்புடைய ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். போர் முடிந்து 1945இல் திறந்த பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டுகளே தடையின்றி இயங்கின. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியதும் ஆசிரியரும் மாணவரும் அரசியல் அடிப்படையில் களையெடுக்கப்பட்டனர். சமூகவியல் ஒரு துறையாகவே நீடிக்கவில்லை. பிராக் அமைப்பியலின் முன்னோடிகளுள் ஒருவரான யான் முகார்ஷோவ்ஸ்கி தம் பழைய கோட்பாட்டைத் தாமே மறுத்து எழுதினார். பழைய கல்விக் கழகங்கள் கலைக்கப்பட்டு, 1952இல் சோவியத் முன்மாதிரியில் ஓர் அரசு அகாதமி எழுப்பப்பட்டது. ஆக, வெளியேறிய அறிஞர்கள் பணியிடத்தை மட்டும் இழக்கவில்லை. தம் துறையின் தொடர்ச்சியையும் இழந்தனர்.

இத்தகைய இழப்பு அம்மக்களுக்குப் புதியதன்று. வெள்ளைமலைப் போரில் 1620இல் பொகீமியப் புரட்டஸ்தாந்தியர் தோற்றபின், கல்வியாளர் கொமேனியஸ் 1628இல் தாயகம் துறந்து போலந்தின் லெஷ்னோ நகரில் குடியேறினார்; 1670இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். முதல் உலகப்போரின்போது தத்துவப் பேராசிரியர் மசாரிக் அயல்நாடுகளிலிருந்தே குடியரசுக்கு அடித்தளம் இட்டார். புலம்பெயர்ந்த அறிஞர் தம் மக்களின் பெயரால் பேசலாம் என்ற நம்பிக்கைக்கு அங்கே நீண்ட மரபு உண்டு. 1950களின் நடுவில் சட்ட அறிஞர் யாரோஸ்லாவ் நேமெத்ஸ் ஒரு கழகத்துக்கான திட்டத்தை முன்வைத்தபோது, அந்த நம்பிக்கையே அதைத் தாங்கிநின்றது.

கழகத்தின் முதல் தலைவர் வாட்ஸ்லாவ் ஹ்லவாட்டி. பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் வடிவியல் கற்பித்த அவர், 1948க்குப் பின் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். ஐன்ஸ்டைனின் ஒருங்கிணைந்த புலக் கோட்பாட்டுச் சமன்பாடுகள் குறித்த ஆய்வால் புகழ்பெற்றவர். அவருக்குப்பின் பொறுப்பேற்றவர் யேல் பல்கலைக்கழகத்தின் ரெனே வெல்லக். ஆஸ்டின் வாரனோடு இணைந்து அவர் எழுதிய 'இலக்கியக் கோட்பாடு' என்னும் நூலை அறியாத இலக்கிய மாணவர் அரிது. ஆனால் அந்நூலின் வேர் பிராக் மொழியியல் வட்டத்தில் இருந்ததைப் பலர் கருதிப்பார்ப்பதில்லை. கணிதவியலாளர் ஒருவரும் இலக்கியக் கோட்பாட்டாளர் ஒருவரும் அடுத்தடுத்துத் தலைமை ஏற்றது, கழகம் துறை எல்லைகளைப் பார்க்காமல் ஆள் சேர்த்தது என்பதற்குச் சான்று.

நடைமுறையில் இது சிறிய பொருள்வளத்தில் இயங்கிய அமைப்பு. பொறுப்பாளர் அனைவரும் ஊதியமின்றி, தம் பணிநேரத்துக்கு அப்பால் உழைத்தவர்கள். பல நாடுகளின் நகரங்களில் கிளைகள் தோன்றின. செய்திமடல் உறுப்பினரை இணைத்தது. முதல் உலக மாநாடு 1962இல் வாஷிங்டனிலும், இரண்டாவது 1964இல் நியூயார்க்கிலும் கூடின. முதல் மாநாட்டின் கட்டுரைகள் 1964இல், செக்கோஸ்லோவாக்கியா உலகப் பண்பாட்டுக்கு வழங்கிய கொடைகள் என்ற பொருளில், ஒரு பெருந்தொகுதியாக வெளிவந்தன. பதிப்பித்தவர் உயிர்வேதியியலாளர் மிலோஸ்லாவ் ரெஹ்சிகல். பின்னாளில் அவரே இருமுறை தலைவரானார். உறுப்பினரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டிய கையேடும் பல பதிப்புகள் கண்டது. எங்கே, எந்தத் துறையில், யார் இருக்கிறார் என்பதை அறிந்தால்தான் சிதறியவர்கள் ஒரு கழகமாக முடியும். தாயகத்து அரசு, அனுமதியின்றி வெளியேறியோரை அவர்கள் இல்லாமலேயே விசாரித்துத் தண்டித்த காலம் அது. எனவே இத்தகைய கையேட்டில் பெயர் கொடுப்பதற்கும் ஓரளவு துணிவு தேவைப்பட்டது.

கழகம் தன்னை அரசியல் சார்பற்றது என்று வரையறுத்துக்கொண்டது. புலம்பெயர் கட்சிகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டிச் சிதறிக்கொண்டிருந்த சூழலில் இது நடைமுறை அறிவு. ஆயினும் தாயகத்தில் தடைசெய்யப்பட்ட மசாரிக்கைப் பற்றி ஆய்வுரை நிகழ்த்துவதே அங்குள்ள ஆட்சியின் பார்வையில் அரசியல்தான். ஆகவே இந்த நடுநிலையைக் கருத்தின்மையாகக் கொள்ளலாகாது. கட்சிச் சண்டையைத் தவிர்த்து, ஆய்வு செய்யும் உரிமையை விட்டுக்கொடாதிருத்தல் என்றே அதைப் பொருள்கொள்ள வேண்டும். 1968 ஆகஸ்டு படையெடுப்புக்குப்பின் புதிய அலையொன்று வந்தபோது இந்த நிலைப்பாடு சோதனைக்குள்ளானது. புதிதாக வந்தோரில் முன்னாள் கட்சி உறுப்பினர்களும் இருந்தனர். 1948இல் அனைத்தையும் இழந்து வந்தவர்களுக்கு அவர்களோடு ஒரே மேசையில் அமர்வது எளிதாக இருந்திருக்காது. ஒருவரின் பழைய அரசியலைக் கேட்பதா, அவரது ஆய்வை மட்டும் பார்ப்பதா என்ற வினா, புகலிடத்துக் கழகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது.

அந்த 1968 அலையில் தமிழியலும் தொடர்புடையது. பிராகின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்திலும் சார்லஸ் பல்கலைக்கழகத்திலும் தமிழாய்வை வளர்த்த கமில் சுவலபில், படையெடுப்பைத் தொடர்ந்து குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறினார். சிகாகோவில் பணியாற்றிய பின்னர் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 1992இல் ஓய்வுபெற்றார். தமிழ் இலக்கியம் குறித்த அவரது ஆங்கில நூலான 'முருகனின் புன்னகை' 1973இல் லெய்டனில் வெளியானது. பிராகில் ஊன்றிய ஒரு மரபின் கனிகள் வேறு மண்ணில் விளைந்தன. அதனால் நாம் பயனடைந்தோம். பிராக் தன் தமிழறிஞரை இழந்தது.

அடுத்த சிக்கல் மொழி. 1964இல் தொடங்கிய 'ப்ரொம்யெனி' என்ற காலாண்டிதழ் செக், ஸ்லோவாக் மொழிகளில் வந்தது. 1982இல் தொடங்கிய 'கோஸ்மாஸ்' ஆங்கிலத்தில் வந்தது. அப்பெயர் 12ஆம் நூற்றாண்டில் பொகீமியரின் வரலாற்றை இலத்தீனில் எழுதிய பிராகின் கோஸ்மாசை நினைவூட்டுவது. தாய்மொழியில் எழுதினால் பண்பாடு உயிர்ப்போடு இருக்கும். ஆனால் உலகக் கல்வியுலகம் படிக்காது, புகலிடத்தில் பிறந்த பிள்ளைகளும் மெல்ல விலகுவர். ஆங்கிலத்தில் எழுதினால் வாசகர் பெருகுவர். ஆனால் எவருடைய மொழியைக் காக்கக் கூடினார்களோ அந்த மொழி பின்னிருக்கைக்குப் போய்விடும். கழகம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டு இதழ்களையும் நடத்தியது. ஊதியமில்லாத உழைப்பில் இதன் சுமை எத்தகையது என்பதை, ஓர் ஆய்விதழை நடத்திப் பார்த்தவர்கள் அறிவர்.

எல்லாவற்றினும் கடினமானது பெயர். 'செக்கோஸ்லோவாக்கிய' என்ற ஒற்றைச்சொல் எல்லாருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை. 1918 மே மாதம் பிட்ஸ்பர்க்கில் புலம்பெயர் அமைப்புகள் செய்துகொண்ட உடன்பாடு, ஸ்லோவாக்கியாவுக்குத் தனி நிர்வாகம், பேரவை, நீதிமன்றம் ஆகியவற்றை ஏற்றது. 1920இன் சட்டங்களோ 'செக்கோஸ்லோவாக்கிய மொழி' என ஒன்றையே அரசுமொழியாக வகுத்தன, தன்னாட்சி வரவில்லை. அந்த ஏமாற்றம் புலம்பெயர்ந்தோரோடு கடல் கடந்தது. தனி ஸ்லோவாக் தேசத்தை வேண்டியவர்கள் தமக்கெனத் தனி அமைப்புகளை உருவாக்கினர். ரோமில் 1963இல் அமைந்த புனித சிரில், மெத்தோடியஸ் பெயரிலான ஸ்லோவாக் நிறுவனம் தனி ஸ்லோவாக் பண்பாட்டு மையமாக வளர்ந்தது. பொதுவாழ்வை நம்பிய ஸ்லோவாக்கியர் கழகத்தில் இருந்தனர் என்றாலும், பெயரே சிலருக்குக் கதவடைப்பாக இருந்தது என்பதை வரலாற்றாளர் மறைக்கக் கூடாது.

1989 நவம்பரில் ஆட்சி வீழ்ந்தது. 1992இல் கழகத்தின் உலக மாநாடு முதன்முறையாகப் பிராகில் கூடியது. சில மாதங்களில், 1993 சனவரி 1 அன்று, செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே இல்லாமற்போனது. கழகம் தன் பெயரை மாற்றவில்லை. இதைப் பழம்பற்று எனச் சிலர் கருதலாம். நாடு பிரிந்தாலும் இரு மொழி அறிஞரும் ஒன்றாக அமரும் ஓரிடம் வேண்டும் என்ற முடிவாகவும் இதைக் காணலாம். இரண்டாவது விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஏனெனில் பிரிவினைக்குப் பின் மாநாடுகள் செக் நாட்டிலும் ஸ்லோவாக்கியாவிலும் நடந்துள்ளன.

ஆனால் வெற்றி தந்த சிக்கலும் உண்டு. தாயகத்தில் சுதந்திரமாக ஆய்வு செய்ய இயலும்போது வெளிநாட்டுக் கழகம் எதற்கு? தடையை எதிர்த்துத் தோன்றிய அமைப்பு, தடை நீங்கியபின் தனக்குப் புதிய பணியைத் தேடவேண்டும். இல்லையேல் முதியோரின் நினைவுக் கூட்டமாகச் சுருங்கும். அதற்குக் கழகம் கண்ட விடைகளுள் முதன்மையானது, புலம்பெயர்ந்தோரின் வரலாற்றையே ஆய்வுப் பொருளாக்கிக் கொண்டது. கழகத்தின் ஆவணங்கள் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் குடியேற்ற வரலாற்று ஆய்வு மையத்தில் சேர்க்கப்பட்டது அவ்வகையில் தொலைநோக்கான செயல்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் புலம்பெயர்வு ஆய்வு பெருகிவருகிறது. எனினும் உழைப்பாளர், வணிகர், இலக்கியம் ஆகியவற்றுக்குத் தரும் கவனத்தை நாம் அறிவுக் கழகங்களுக்குத் தருவதில்லை. கூட்டக் குறிப்பு, சந்தாப் பதிவேடு, செய்திமடல் போன்றவை சலிப்பூட்டும் ஆவணங்கள்தாம். ஆனால் ஒரு மக்கள் தம்மை எந்தப் பெயரால், எந்த மொழியில், யாரோடு சேர்த்து எண்ணிக்கொண்டனர் என்பது அவற்றில்தான் பதிவாகியிருக்கிறது. அயல்நாட்டில் இயங்கும் மொழிக் கழகம் எதையும் ஆய்வுக்கு எடுக்கும் மாணவர், அதன் விழா மலர்களுக்கு முன்பாக அதன் பெயர் குறித்து நடந்த விவாதங்களைத் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் பரிந்துரை.