எல்லை ஊர்த் தமிழரும் கொள்ளைநோய்க் கட்டளைகளும்

சித்தூர், திருப்பதித் தமிழர்களுக்கு நோய்க்காலம் வந்தால் எசமானர்கள் மூவர். குடியிருப்பது ஆந்திர அரசின் கீழே. பெண் கொடுத்ததும் எடுத்ததும், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் தமிழ்நாட்டில். இரண்டுக்கும் மேலே டில்லி. மூன்று பேரும் ஒரே நாளில் மூன்று விதமாகப் பேசினால் நாம் யார் சொல்லைக் கேட்பது? இந்தக் கேள்வி 2020-ல் புதிதாக முளைத்ததல்ல. இதற்கு இருநூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் உண்டு.

சென்னை மாகாணத்தில் அம்மை குத்துவது 1802-ல் தொடங்கிற்று. ஜனங்கள் பயந்தார்கள். அப்போது திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் துரை, அம்மனும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதுபோல் தமிழிலேயே ஒரு பனுவல் எழுதினார். பசு அம்மைப்பால் தெய்வ சம்மதம் பெற்றது என்று நம்ப வைப்பது அவர் எண்ணம். மருந்து நல்ல மருந்துதான், சந்தேகமில்லை. ஆனால் நல்ல மருந்துக்குப் பொய்யான பூர்வீகம் கட்டுவதை நான் ஒப்பமாட்டேன். பின்னால் குட்டு வெளிப்பட்டால் மருந்தின் மேலும் அல்லவா சந்தேகம் விழும்? அவரிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. ஜனங்களுக்கு அவரவர் பாஷையில் சொன்னால்தான் காதில் ஏறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்குப் பின்னால் வருகிறேன்.

அடுத்தது பிளேக். 1896-ல் பம்பாயில் தலைகாட்டியது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. புனாவில் வீடு புகுந்து சோதனை போட்டதில் கொதிப்பு ஏறி, அதிகாரி ராண்ட் அந்த வருஷம் ஜூனில் சுடப்பட்டார். 1898-ல் பெங்களூருக்கும் நோய் வந்துவிட்டது. நமக்கு அது பக்கத்து வீடு. ஆனால் மைசூர் சமஸ்தானம் வேறு ராஜ்யம், அதன் விதிகளும் வேறு. சென்னை மாகாணம் கையாண்டதற்கு பிளேக் பாஸ்போர்ட் என்று பெயர். நோய் கண்ட ஊரிலிருந்து வருகிறவருக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் தினமும் அதிகாரி முன் போய் நிற்கணும். ஆளைப் பூட்டி வைக்காமல், கண்ணில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. 2020-ல் வந்த இ-பாஸ் இதற்குக் கொள்ளுப்பேரன்தான்!

அப்போது சித்தூர் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம். திருப்பதியும் வேலூரும் ஒரே கலெக்டர் கையில். 1911-ல் சித்தூர் தனி ஜில்லா ஆச்சு. 1953-ல் ஆந்திர மாநிலம். 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டு திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நாம் இங்கே நின்றுவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கை. 1939-ல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம்தான் இரண்டு பக்கத்துக்கும் தாய்ச் சட்டம். திருவிழாக் கூட்டங்களுக்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் பேச்சு வேறுவேறு! காரணம் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. ஏழாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில். துறைமுகத் தனிமைப்படுத்தல் மத்திய அரசுக்கு. ஆகவே கட்டளை பிரிவது அதிகாரிகளின் வீம்பு மட்டுமல்ல, ஏற்பாடே அப்படி. 2020-ல் மத்திய அரசு 2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும் சேர்த்துக்கொண்டது.

கொரோனா காலத்தில் நடந்தது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனாலும் தேதியோடு எழுதி வைப்பது நல்லது. நம் ஞாபகம் மூன்றே வருஷத்தில் கதையாகிவிடுகிறது.

மாநிலத்துக்கு மாநிலம் சரக்குப் போகலாம் என்று மத்திய உத்தரவு 2020 ஏப்ரல் நடுவிலேயே தெளிவாகச் சொன்னது. ஏப்ரல் கடைசி வாரத்தில் வேலூர் ஜில்லா நிர்வாகம் சைனகுண்டாவிலும் பொன்னைப் பக்கத்திலும் ரோட்டின் குறுக்கே சுவர் எழுப்பிற்று. கல்லும் சிமெண்டும் வைத்த நிஜச் சுவர். கண்டனம் எழுந்ததும் சீக்கிரமே இடித்து வழி விட்டார்கள். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட் வழியாகச் சித்தூர் ஜில்லாவுக்குள் நோய் வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பயந்தவர்களின் பயம் ஆதாரமில்லாததல்ல. சுவர் மட்டும்தான் தப்பு. நான் வெல்ல மண்டிக்காரன், லாரி ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மே 30-ம் தேதி மத்திய உத்தரவு, எல்லை தாண்டத் தனி அனுமதி வேண்டாம் என்றது. ஆனால் மாநிலம் விரும்பினால் முன்கூட்டி அறிவித்துக் கட்டுப்படுத்தலாம் என்று அதே காகிதத்தில் ஒரு வாசல் திறந்து வைத்தது. தமிழ்நாடு அந்த வாசலில் நின்றது. ஆகஸ்டு 22-ல் மத்திய உள்துறைச் செயலாளர் மாநிலங்களுக்குக் கடிதமே எழுதினார். செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டு ஜில்லாக்களுக்கு இடையே இ-பாஸ் நின்றது. வெளிமாநிலத்திலிருந்து போகும் நமக்கு நிற்கவில்லை. டில்லி டிவியை நம்பி சாவுக்குக் கிளம்பிய எத்தனையோ குடும்பம் செக்போஸ்டில் திரும்பியது.

கோயில் விஷயம் இன்னும் குழப்பம். வழிபாட்டு இடங்களை ஜூன் 8 முதல் திறக்கலாம் என்றது மத்திய அரசு. மார்ச் 20 முதல் நின்றிருந்த திருமலை தரிசனம் சோதனை ஓட்டத்துக்குப் பின் ஜூன் 11-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. தமிழ்நாட்டில் பெரிய கோயில்களுக்கு செப்டம்பர் 1 வரை பூட்டு. ஜூலையில் திருமலையில் அர்ச்சகர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்களுக்குத் தொற்று. ஜூலை 21 முதல் கீழே திருப்பதி நகரத்தில் கடுமையான கட்டுப்பாடு. மேலே தரிசனம் தொடர்ந்தது. மலைக்குப் போகலாம், மலையடிவார ஊரில் கடைக்குப் போகக்கூடாது! வயசானவர்கள் பலர் திறந்திருந்த கதவையே, ஆபத்தில்லை என்பதற்கு டாக்டர் கொடுத்த சர்டிபிகேட் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் பாஷை விஷயம் வருகிறது. நம் வீடுகளில் ஓடுவது சென்னை டிவி. ஆந்திர அரசின் உத்தரவு தெலுங்கில், டில்லியுடையது இங்கிலீஷிலும் இந்தியிலும். நம் வயசான பெண்களுக்குப் புரிந்தது தமிழ்நாட்டு உத்தரவு ஒன்றுதான், அது நம்மைக் கட்டுப்படுத்தாதது. தமிழ்நாட்டில் ஞாயிறு முழு ஊரடங்கு என்று கேட்டு, என் அத்தை சித்தூரில் அந்த ஆடி மாதம் பூரா ஞாயிற்றுக்கிழமை வாசல் தாண்டவில்லை. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் சோதனை, எந்த எண்ணுக்குப் போன் என்பதையும் அந்த டிவியிலிருந்தே குறித்து வைத்திருந்தார். அது ஆபத்து.

மருந்து விஷயத்துக்கு வருவோம். 2021 மே மாதம் நெல்லூர் ஜில்லா கிருஷ்ணபட்டணத்தில் ஆனந்தய்யா மருந்துக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. மே 21-ல் நிறுத்தினார்கள். மத்திய ஆயுர்வேத ஆராய்ச்சிக் குழு பரிசோதித்த பிறகு மே 31-ல் மாநிலம் அனுமதித்தது, கண்ணில் விடும் சொட்டு தவிர. அந்த அறிக்கையின் சாரம், உள்ளே சாப்பிடுவதால் கெடுதல் இல்லை, நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரமும் இல்லை என்பது. ஜனங்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். டில்லியும் சொன்னதை மாற்றியதுண்டு. பிளாஸ்மா சிகிச்சையை அதே மே 17-ல் வழிகாட்டுதலிலிருந்து எடுத்தார்கள். மாற்றியதால் அவர்களை நம்பக்கூடாது என்பாரோடு நான் ஒத்துப்போகவில்லை. சோதித்துப் பார்த்து, பலன் இல்லை என்று தேதி போட்டு, காரணம் சொல்லி எடுத்தார்கள். எங்கள் மண்டியில் எடைக்கல்லை அவ்வப்போது சரிபார்த்து முத்திரை குத்துவார்கள். சரிபார்க்காத கல்லை யார் நம்புவார்?

ஆகவே நான் செய்துவந்தது இவ்வளவுதான். எல்லை தாண்டலாமா, கடை திறக்கலாமா என்றால் கால் எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த ஜில்லா கலெக்டர் உத்தரவு. போகிற ஊருக்கு அந்த ஊர்க் கலெக்டருடையது. எண்ணும் தேதியும் இல்லாத காகிதத்தை மதிப்பதில்லை. உடம்பு விஷயம் என்றால், மூன்று அரசும் எதில் ஒத்துப்போகிறது என்று பார்த்தேன். முகக்கவசம், தடுப்பூசி, மூச்சு முட்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி, இதிலெல்லாம் சித்தூரும் வேலூரும் டில்லியும் ஒரே பேச்சு. சண்டை பூராவும் ரோட்டையும் கதவையும் பற்றித்தான்.

2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி ஜில்லா. காளஹஸ்தியும் சத்தியவேடும் அதில், குப்பமும் பலமனேரியும் நகரியும் சித்தூரில். பழைய சித்தூர் கலெக்டர் ஆபீஸ், ஜில்லா சுகாதார ஆபீஸ் போன் நம்பர்களை டயரியில் வைத்திருக்கும் திருப்பதி அன்பர்கள் அவற்றை அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதிக்கொள்ளவும். தெலுங்கு படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பெரிய எழுத்தில் தமிழில் எழுதி டிவி பக்கத்திலேயே ஒட்டி வைக்கவும்.