கல்லுக்குப் பின்னால் இரண்டு பெயர்கள்

1/
போன மாசம் எங்க வீட்டுக் கொல்லைப்புறத்துல ஒரு சின்ன ஜப்பானிய கல் தோட்டம் போட்டேன். 12 அடிக்கு 8 அடி இடம். மூணு பாறை, கொஞ்சம் வெள்ளை ஜல்லி, பல் வச்ச ஒரு மர வாரி. அவ்வளவுதான். போட்டோ போட்டதும் "எப்படிப் போட்டீங்க டாக்டர்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

2/
எப்படிப் போடுறதுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்த மாதிரித் தோட்டங்களை ஜப்பான்ல யாருடைய கைகள் போட்டுச்சுங்கற கதையைச் சொல்லியாகணும். அதைப் படிச்ச பிறகுதான் என் தோட்டத்தையே நான் வேற மாதிரிப் பார்க்க ஆரம்பிச்சேன். கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

3/
இந்தத் தோட்டத்துக்கு ஜப்பானிய மொழியில் 'கரேசான்சுய்' என்று பெயர். காய்ந்த மலையும் நீரும் என்று பொருள். பாறைதான் மலை, தீவு. வாரியால் கோடு இழுத்த ஜல்லிதான் ஆறு, கடல். ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. ஆனா பார்க்கிற கண்ணுக்கு அலை தெரியணும்.

4/
இதில் உலகப் புகழ் பெற்றது கியோட்டோ நகரில் உள்ள ரியோஆன்ஜி கோயில் தோட்டம். ஏறத்தாழ 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மொத்தம் 15 பாறைகள், ஐந்து கூட்டமாக. திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் 15-ஐயும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ஏதாவது ஒண்ணு இன்னொண்ணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும்.

5/
1975-ல் பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். அதுக்கப்புறம் இதன் புகழ் எங்கேயோ போயிருச்சு. 1994-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. இந்த 1975-ஐ மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. திரும்ப வருவோம்.

6/
"ஜென் துறவிகள் தியானம் பண்ணி, ஞானம் வந்து, இந்தக் கல்லை எல்லாம் வச்சாங்க" என்பதுதான் நாம பொதுவா கேள்விப்படுற கதை. ஆனா 'ஜென் தோட்டம்' என்ற பெயரே புதுசு. ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1935-ல் லோரெய்ன் கக் என்ற அமெரிக்கப் பெண்மணி கியோட்டோ தோட்டங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில்தான் முதலில் வருவதாக ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள்.

7/
கரேசான்சுய் என்ற சொல் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. 11-ம் நூற்றாண்டின் 'சாகுதெய்கி' என்ற தோட்டக்கலை நூலில் அது இருக்கிறது. எழுதியவராகக் கருதப்படுபவர் தாச்சிபானா நோ தோஷிட்சுனா என்ற பிரபு. அவர் துறவி இல்லை, அரண்மனை வட்டாரத்து ஆள்.

8/
அந்த நூலில் ஓர் அருமையான யோசனை இருக்கு. முதலில் முக்கியமான ஒரு கல்லை நடு. அடுத்த கல்லை எங்கே வைக்கணும்னு அந்த முதல் கல்லே கேட்கும், அது கேட்கிறபடி வை என்கிறது. இயற்கையில் நிமிர்ந்து நின்ற கல்லைத் தோட்டத்தில் படுக்க வச்சா வீட்டுக்கு ஆகாது என்றும் எச்சரிக்கிறது.

9/
சரி, கல் கேட்கிறதை யார் காதில் வாங்கினது? டன் கணக்கில் எடையுள்ள பாறையை மலையிலிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, குழி தோண்டி, இழுத்து நிமிர்த்தினது யார்? பிரபு தன் பட்டு அங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கியிருப்பாரா?

இல்லை. இங்கதான் 'கவராமோனோ' வர்றாங்க.

10/
கவரா என்றால் ஆற்றுப்படுகை. கவராமோனோ என்றால் ஆற்றுப்படுகை ஆட்கள். கியோட்டோவில் காமோ ஆற்றின் வெள்ளம் வந்து போகிற கரையில் வரி கிடையாது. ஏன்னா அந்த நிலத்தை யாரும் நிலம்னே மதிக்கலை. ஊருக்குள் இடமில்லாதவர்கள் அங்கே குடிசை போட்டார்கள்.

11/
அவர்கள் செய்த வேலைகள்: செத்த மாடு, குதிரையை அப்புறப்படுத்துவது, தோல் உரிப்பது, பதனிடுவது, மரண தண்டனை நிறைவேற்ற உதவுவது, கிணறு தோண்டுவது, மண் சுமப்பது. சாவும் ரத்தமும் தீட்டு என்று ஷின்டோ மரபு சொன்னது. உயிரைக் கொல்வது பாவம் என்று பௌத்தம் சொன்னது. ரெண்டும் சேர்ந்து இவங்க தலையில விழுந்துச்சு.

12/
இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேற எதுவும் ஞாபகம் வந்தா, அது தற்செயல் இல்லை. மாட்டுத் தோலில் செஞ்ச செருப்பு வேணும், கவசம் வேணும், ஆனா தோலைத் தொட்டவன் வேண்டாம் என்கிற கணக்கு நமக்கும் நல்லாவே தெரிஞ்ச கணக்குதான்.

13/
ஆற்றங்கரையிலேயே வாழ்ந்தவர்களுக்குக் கல்லும் மணலும் நீரோட்டமும் அத்துப்படி. தண்ணி ஒரு பாறையை எப்படிச் சுத்திட்டுப் போகும், மணல் எங்கே ஒதுங்கும் என்பதைத் தினமும் பார்த்தவர்கள். அதனால் தோட்ட வேலைக்கு மண் சுமக்க வந்தவர்கள், மெல்ல மெல்லத் தோட்டம் வடிவமைப்பவர்களாகவே ஆனார்கள்.

14/
அவர்களில் பெரிய பெயர் சென்அமி. ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவுக்குத் தோட்டம் போட்டவர். ஷோகன் என்றால் அன்றைக்கு நாட்டின் உண்மையான ஆட்சியாளர். 1482-ல் இறக்கும்போது சென்அமிக்கு 90 வயதைத் தாண்டியிருந்தது.

ஒரு டாக்டரா எனக்குப் பிடிச்ச குறிப்பு இது: சென்அமி நோயில் படுத்தபோது ஷோகனே ஆள் அனுப்பி மருந்து கொடுத்திருக்கிறார். கோயில் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

15/
ஆனா இதோட மறுபக்கமும் இருக்கு. அதே 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கவராமோனோ தீட்டானவர்கள் என்று சொல்லி, பேரரசரின் அரண்மனைத் தோட்ட வேலையிலிருந்து அவர்களை நிறுத்தியிருக்கிறார்கள். கை வேணும், ஆள் வேண்டாம்.

16/
சென்அமியின் பேரன் மதாஷிரோவும் தோட்டக்காரர்தான். கியோட்டோவின் புகழ்பெற்ற வெள்ளி மண்டபத் தோட்டத்தோடு இந்தக் குடும்பத்தின் பெயர் சேர்த்துப் பேசப்படுகிறது. இந்த மதாஷிரோ 1489-ல் கெய்ஜோ ஷூரின் என்ற துறவியிடம் மனசு விட்டுப் பேசியிருக்கிறார். துறவி அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

17/
பேச்சின் சாரம் இதுதான். உயிரை வெட்டுகிற குலத்தில் பிறந்துவிட்டேனே என்று வருந்துகிறார். அதனால் எந்த உயிரையும் கொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். பொருளுக்கும் ஆசைப்படுவதில்லை என்கிறார்.

ஊரே மெச்சும் கலைஞன். ஆனா பிறப்புக்காகத் தன்னையே நொந்துக்கறார். தீட்டு செய்யற பெரிய வேலையே இதுதான். தள்ளி வைக்கப்பட்டவரையே அதை நம்ப வச்சிரும்.

18/
இப்போ ரியோஆன்ஜிக்குத் திரும்புவோம். கோயிலை 1450-ல் நிறுவியவர் ஹோசோகாவா காட்சுமோட்டோ என்ற போர்த்தலைவர். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் கியோட்டோ எரிந்தது, கோயிலும் எரிந்தது. அவர் மகன் 1488-ல் திரும்பக் கட்டினார். குளம் வெட்டி ஓடை விட வசதியில்லாத, சாம்பலான ஊரில்தான் தண்ணியில்லாத தோட்டம் செழித்தது.

19/
இந்தத் தோட்டத்தை வடிவமைத்தவர் யார் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பிரபுவா, துறவியா, ஓவியர் சோஅமியா என்று பட்டியல் நீள்கிறது. ஆனா 15 கல்லில் ஒரு கல்லின் பின்பக்கம், திண்ணையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், இரண்டு பெயர்கள் பொறித்திருக்கின்றன.

20/
ஒன்று கொடாரோ. இன்னொன்றின் முதல் எழுத்து தேய்ந்துபோய்விட்டது. 'ஜிரோ' என்ற முடிவு மட்டும் தெளிவு. ஜிரோ என்றால் இரண்டாவது மகன். நம்மூர்ல 'சின்னவன்'னு கூப்பிடுற மாதிரி. இருவரும் கவராமோனோ தொழிலாளிகள் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. வடிவமும் இவர்களுடையதா, உழைப்பு மட்டுமா என்று கல்வெட்டு சொல்லாது. ஆனா அந்தப் பாறையில இருக்கிற பெயர்கள் இவங்களோடது மட்டும்தான்.

21/
இந்த இடத்துல என் தொழிலும் உள்ளே வருது.

1771. எடோ, அதாவது இன்றைய டோக்கியோ. கோட்சுகஹாரா கொலைக்களத்தில் தண்டனை பெற்ற ஒரு பெண்ணின் உடல் அறுக்கப்படுகிறது. சுகிதா கென்பாகு, மாயேனோ ரியோதாகு உள்ளிட்ட மருத்துவர்கள் டச்சு மொழி உடற்கூறியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்க்கிறார்கள்.

22/
கத்தியைப் பிடித்தது அவர்கள் இல்லை. 90 வயதுக் கிழவர் ஒருவர். கவராமோனோ போலவே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட, 'மிகுந்த அழுக்கு' என்று பொருள்படும் எழுத்துகளால் அரசே குறித்து வைத்த சாதிக்காரர். வழக்கமாக அறுக்கும் தோராமாட்சு என்பவருக்கு உடம்பு முடியாததால், அவருடைய தாத்தா வந்திருந்தார்.

23/
கிழவர் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். இது இதயம், இது கல்லீரல், இது பித்தப்பை. இன்னும் சிலதையும் காட்டுகிறார். இதுக்குப் பேர் தெரியாது, ஆனா நான் அறுத்த எல்லா உடம்பிலும் இருந்தது என்கிறார். புத்தகத்தைப் பார்த்தால் அவை தமனி, சிரை, அட்ரீனல் சுரப்பி! இதுவரை வந்த எந்த வைத்தியரும் இதெல்லாம் என்னவென்று கேட்டதில்லை என்றும் சொல்கிறார்.

24/
1774-ல் அந்த மருத்துவர்கள் டச்சுப் புத்தகத்தை மொழிபெயர்த்து 'கைதாய் ஷின்ஷோ' என்று வெளியிட்டார்கள். ஜப்பானிய நவீன மருத்துவத்தின் திருப்புமுனை அது. சுகிதா தன் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பில் கிழவரை மறக்காமல் சொல்கிறார். ஆனா அவருடைய பெயர் அதில் இல்லை. தோராமாட்சுவின் தாத்தா, அவ்வளவுதான்.

25/
நான் படிக்கும்போது பிணவறையில் மண்டையோட்டைத் திறந்தது நாங்க இல்லைங்க. அங்க இருந்த உதவியாளர். எங்கே வெட்டணும், எவ்வளவு ஆழம்னு எங்களுக்குக் காட்டினதும் அவர்தான். கையெழுத்து மட்டும் டாக்டருடையது. அவர் எந்த ஜாதியிலிருந்து அந்த வேலைக்கு வந்தார்னு நான் சொல்லணுமா? அவருடைய முழுப் பெயர் இன்னிக்கும் எனக்குத் தெரியாது.

26/
1871-ல் ஜப்பான் அரசு இந்த ஒதுக்கல் சாதிப் பட்டங்களை ஆணை போட்டு ஒழித்தது. 1922-ல் அந்த மக்களே 'சுய்ஹெய்ஷா' என்ற உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஆனா 1975-ல், ஆமா, ராணி வந்து தோட்டத்தைப் பார்த்த அதே வருஷம், ஒரு விஷயம் அம்பலமானது. அந்த மக்கள் வாழும் ஊர்களின் பட்டியலைப் புத்தகமாகப் போட்டு நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்றிருந்தார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் எந்த ஊர்னு பார்த்து ஒதுக்கிவைக்க!

27/
சரி, கேட்டதுக்குப் பதில். வீட்டில் போடுறவங்களுக்கு:

இடத்தை லேசான சரிவில் மட்டம் பண்ணுங்க, மழைத் தண்ணி ஓடணும். களை வராம இருக்க அடியில் விரிப்பு. சுற்றிலும் கல் வரம்பு. பாறையை மேலே சும்மா வைக்காதீங்க. மூணில் ஒரு பங்காவது மண்ணுக்குள்ள போகணும். அப்பதான் அங்கேயே முளைச்ச மாதிரி இருக்கும்.

28/
கியோட்டோவில் ஷிரகாவா ஆற்றின் வெள்ளைக் கருங்கல் ஜல்லியைத்தான் போட்டார்கள். இன்று அந்த ஆற்றில் அள்ளத் தடை. நீங்களும் ஆற்று மணல் தேடாதீங்க, அது காற்றில் பறக்கும், கோடு நிக்காது. சின்ன வெள்ளை ஜல்லி, 2 இன்ச் கனம் போதும். பக்கத்து வீட்டுப் பூனை அதைக் கழிப்பறைன்னு நினைக்கும். அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை.

29/
டாக்டரா ரெண்டு அறிவுரை. குழி விழுந்த பாறை வேண்டாம், மழைத் தண்ணி தேங்கினா டெங்கு கொசு முட்டையிடும். குனிஞ்சு கல்லைத் தூக்காதீங்க, டிஸ்க் போயிரும். கடப்பாரையால் நெம்பி, உருளை வச்சு நகர்த்துங்க. தெரிஞ்ச ஆளை வச்சுச் செய்யுங்க.

30/
எங்க வீட்டில் செஞ்சது ஒரு கொத்தனார் அண்ணன். நான் போனில் படம் பார்த்து ஒரு கல்லை இப்படி வைங்கன்னேன். அவர் ரெண்டு பக்கமும் சுத்திப் பார்த்துட்டு, "சார், இந்தக் கல்லு நின்ன கல்லு. படுக்க வச்சா நல்லா இருக்காது"ன்னார். சாகுதெய்கியை அவர் கேள்விப்பட்டது கூட இல்லை!

31/
நான் போட்டோ போட்டு உங்க லைக்கை எல்லாம் வாங்கிக்கிட்டேன். அவரைப் பத்தி ஒரு வரி எழுதலை. இதையெல்லாம் படிச்ச பிறகு உறுத்துச்சு. நேர்ல போய், "அண்ணே, அந்தக் கல்லுக்குப் பின்னாடி உங்க பேரைப் பொறிச்சு வைக்கவா?"ன்னு கேட்டேன்.

32/
சிரிச்சுட்டார். "கல்லுல செத்தவங்க பேரைத்தான் சார் போடுவாங்க. என் நம்பரை நாலு பேருக்குக் குடுங்க, போதும்."

வேணுங்கறவங்க இன்பாக்ஸ்ல கேளுங்க, தர்றேன். பேரையும் சேர்த்தே சொல்றேன். கூலியில பேரம் மட்டும் பேசாதீங்க.