சாயவேரின் ரகசியம்

ஆரணி என்றதும் பட்டுக்குப் பெயர் போன திருவண்ணாமலை மாவட்டத்து ஊரே பலருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்வது இன்னொரு ஆரணி. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாற்றங்கரையில் இருக்கும் சிறிய நெசவூர். பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. செய்முறையையும் வரைபடத்தையும் கணினியில் பூட்டி வைத்துவிட்டு, வேலையை விட்டுப் போகிறவன் எதை எடுத்துப் போகிறானோ என்று கவலைப்படுவது இக்காலத்து முதலாளிகளின் வழக்கம். இந்தக் கவலை புதியதல்ல. நம் கடற்கரைக்கு அது மிகப் பழைய கதை.

ஆரணியாறு கடலைச் சேரும் பழவேற்காட்டில் 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். சோழமண்டலத்துத் துணியைக் கொடுத்தால்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைத்தன. வெளுக்க வெளுக்க மங்காத நம் சாயத்தைக் கண்டு ஐரோப்பாவே வியந்தது. அந்த வித்தையை யாரும் ஏட்டில் எழுதிவைக்கவில்லை. அது சாயக்காரரின் கையிலும் கண்ணிலும் இருந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயிற்று.

இதே சோழமண்டலக் கரையில் ஊழியம் செய்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ, 1742 ஜனவரியில் தம் நாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியை நனைப்பது, படிக்காரம் இட்டுச் சாயவேரில் சிவப்பு ஏற்றுவது, நீலம் படக்கூடாத இடத்தை மெழுகால் மூடுவது எல்லாம் அதில் இருந்தன. அவர் யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கவில்லை. கிறிஸ்தவர்களாகியிருந்த சாயக்காரர்களைத் தனித்தனியே கேட்டு, பதில்களை ஒப்பிட்டுப் பார்த்து எழுதினார். குருவை நம்பியவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கடிதம் ஒன்றே நம் தொழிலைக் கெடுத்தது என்றால் அது மிகை. ஆர்மீனியக் கைவினைஞர்கள் மூலம் மார்ஸேய் நகரம் முன்பே கொஞ்சம் கற்றிருந்தது. ஆனால், அறிந்ததை ஆலையாக்க ஒரு துணிச்சல்காரன் வேண்டும் அல்லவா? பிரான்சில் 1686 முதல் இருந்த அச்சுத்துணித் தடை 1759-ல் நீங்கியது. மறு ஆண்டே ஓபர்காம்ப் என்ற இளைஞர் ஜூயி என்ற ஊரில் அச்சுப்பட்டறை தொடங்கினார். மரக்கட்டை அச்சில் ஆரம்பித்தவர், 1770-ல் செப்புத் தகட்டுக்கும் 1797-ல் செப்பு உருளைக்கும் மாறினார். ரசாயன அறிஞர்களின் துணையையும் தேடிக்கொண்டார். அவரைத் திருடர் என்று ஏசுவது நியாயமாகாது. கிடைத்த அறிவோடு தம்முடையதையும் சேர்த்தவர் அவர்.

நெஞ்சை உறுத்துவது வேறு. 1866-ல் போர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளை வெட்டி, 700 மாதிரிகளைப் 18 தொகுதிகளில் ஒட்டித் தந்தார். எந்தத் துணியை நெய்தால் இந்தியாவில் விற்கும் என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஓபர்காம்பின் பெயர் நிற்கிறது. கேர்தூவின் பெயர் நிற்கிறது. வாட்சனின் பெயரும் நிற்கிறது. நெய்தவர், சாயமிட்டவர் பெயர் எங்கே?

வாய் திறந்த சாயக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழிலைக் காக்க அவருக்குச் சட்டமும் இல்லை, அதைப் பெருக்க முதலும் இல்லை. ரகசியம் வெளியே போனால் தமக்கு என்ன நஷ்டம் என்பது தெரிவதற்கு, அது உள்ளே இருந்தபோது லாபத்தில் ஒரு பங்கு அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்றும் முதலாளிகள் இதையும் சற்று யோசிக்கலாம்.