பிரித்தலும் உடைத்தலும்

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் நாம் பதிவேடுகளில் அடிக்கடி எழுத நேரும் ஆங்கில வினைச்சொல் ஒன்று உண்டு. அது ‘டிஸ்மாண்டில்’ என்பதாம். பழைய தண்டவாளத்தைக் கழற்றினாலும், கொட்டகையை அகற்றினாலும் அச்சொல்லையே எழுதுகிறோம். அதன் வரலாறு நம் தங்கவயலார் அறிந்துகொள்ளத்தக்கது.

‘மாண்டில்’ என்பது மேற்போர்வை. ‘டிஸ்’ என்னும் முன்னொட்டு நீக்கத்தைக் குறிப்பது. ஆகவே போர்வையைக் களைதல் என்பதே முதற்பொருள். கோட்டைக்கு மதிலே போர்வை எனக் கருதிய பிரெஞ்சு மக்கள், மதிலை இடித்தகற்றுவதற்கு இச்சொல்லை வழங்கினர். 16ஆம் நூற்றாண்டில் அஃது ஆங்கிலத்துட் புகுந்தது. 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அங்கிருந்த பிரெஞ்சுக் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். கடன் வாங்கிய சொல்லைக் கொடுத்தவர்மீதே பயன்படுத்தினர் போலும்!

பின்னர் இச்சொல், கட்டிய ஒன்றை உறுப்புறுப்பாகக் கழற்றுதலையும் குறிக்கலாயிற்று. இதற்கு நேரான தமிழ்ச்சொல் ‘பிரித்தல்’. திருமணம் முடிந்ததும் பந்தலைப் பிரிக்கிறோம், உடைப்பதில்லை. பிரித்த காலும் கீற்றும் மற்றொரு பந்தலுக்கு உதவும் அன்றோ? நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த பழைய சேலம் மாவட்டத்தில், 1906இல் மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே குறுகிய இருப்புப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதனைப் பிரித்தெடுத்தனர். இன்றோ அவ்விரண்டு ஊர்களையும் இணைக்க அகலப்பாதைத் திட்டம் ஒப்புதல் பெற்றுள்ளது.

உடைத்தல் வேறு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே கால்கொண்டபின், நம் பாட்டன்மார் ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த கல்லை ஆலைகளில் இடித்து மாவாக்கிப் பொன் பிரித்தனர். எஞ்சிய மண்ணே இன்று சயனைடு மேடுகளாய்க் கிடக்கிறது. அது மீண்டும் பாறையாகாது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்றுமுதல் நம்மவர் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் லைன் வீட்டிற்குத் திரும்புகின்றனர். வேற்றூர்களில் குடியேறியோரும் பலர். நம் சமுதாயம் உடைந்ததா, பிரிந்ததா?

பிரிந்தது என்றே நாம் துணிகிறோம். எனினும், பிரித்த பந்தலின் கால்களை அடையாளமிட்டு வைத்தால்தான் மீண்டும் நாட்ட இயலும். தம் பாட்டனார் எவ்வூரினின்று வந்தார், எச்சுரங்கத்தில் எவ்வேலை செய்தார் என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரும் இவ்வாண்டே ஒரு தாளில் எழுதி வைப்பாராக. அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டல் நன்று.